வெள்ளம் வடிந்த பின்னர்: கஅபாவின் சீரமைப்பு வரலாறு

கட்டடத்தில் நெருப்புப் பற்றினால் அதன் கேடு அப்பொழுதே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. நீரால் நேரும் கேடு அத்தகையதன்று. வெள்ளம் வந்து நின்று வடிந்துபோன பிறகும் சுவர் முன்போலவே நிற்பதாகத் தோன்றும். உள்ளே சாந்து கரைந்திருக்கும், மரம் ஊறியிருக்கும், கடைக்காலின் கீழே மண் இளகியிருக்கும். ஒரு நாள் கழித்தோ ஓராண்டு கழித்தோ அது வெளிப்படும். ஆகவே நீரில் நனைந்த பழைய கட்டடத்தைப் பேணுவோர் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. நிற்பவற்றுள் எதை நம்பலாம்? ஐயத்திற்குரியதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, அல்லது இற்றதை மட்டும் சீர்செய்து எஞ்சியதைக் காப்பதா?

இக்கேள்விகளை மிக நீண்ட காலமாகச் சந்தித்து வந்துள்ள கட்டடம் புனித கஅபாவாகும். அதன் சிறப்பைப் பற்றி நம் மொழியில் நிறைய எழுதப்பட்டுள்ளது. அதன் சுவர்கள் நனைந்ததும் உலர்ந்ததும், சரிந்ததும் மீண்டும் எழுந்ததும், அவ்வேளைகளில் ஆட்சியாளரும் கொத்தர்களும் உலமாக்களும் எவ்வாறு ஆலோசித்து முடிவெடுத்தனர் என்பதும் போதிய அளவு பேசப்படவில்லை. அவ்வரலாற்றின் சில கட்டங்களை இங்கே காண்போம்.

மக்காவின் நில அமைப்பு

மக்கா ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் அமைந்த நகரம். சுற்றிலும் மண்போர்வையற்ற கற்பாறை மலைகள். அவற்றின்மேல் விழும் மழைநீரை உறிஞ்சிக்கொள்ள மண்ணோ மரஞ்செடிகளோ இல்லை. ஆதலால் சிறிது நேரம் பெருமழை பெய்தாலும் நீர் முழுவதும் சரிவுகளில் உருண்டோடி, இப்ராஹீம் பள்ளத்தாக்கு எனப்படும் வறண்ட ஓடையில் சேர்ந்துவிடும். அந்த ஓடையின் தாழ்வான பகுதியிலேயே ஹரம் ஷரீஃப் உள்ளது. வெள்ளம் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. மணலையும் கற்களையும் சேறையும் கொண்டுவந்து குவிக்கிறது. நூற்றாண்டுகள் செல்லச் செல்லச் சுற்றுப்புறத் தெருக்கள் உயர்ந்தன. பள்ளிவாசலின் தளமோ தாழ்ந்தே இருந்தது. படிகளில் இறங்கித்தான் ஹரமுக்குள் செல்ல வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

மக்காவின் வரலாற்றை முதன்முதலில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவரான அல்-அஸ்ரகீ, ஜாஹிலிய்யாக் காலத்திலும் இஸ்லாமியக் காலத்திலும் நேர்ந்த வெள்ளங்களுக்கென்றே தம் நூலில் தனிப் பகுதி ஒதுக்கியுள்ளார். ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தகிய்யுத்தீன் அல்-ஃபாஸீ அப்பட்டியலைத் தம் காலம் வரை நீட்டினார். பெரிய வெள்ளங்களுக்கு மக்காவாசிகள் பெயரிட்டு நினைவில் வைத்திருந்தனர். வெள்ளம் அந்நகரின் வாழ்வோடு எவ்வளவு பின்னிப் பிணைந்திருந்தது என்பதற்கு இதுவே சான்று.

குறைஷியரின் கட்டுமானம்

நபி (ஸல்) அவர்களுக்கு 35 வயதானபோது குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்த செய்தி ஸீரா நூல்களைப் படித்தோர் அனைவரும் அறிந்தது. ஹஜருல் அஸ்வதை ஒரு துணியில் வைத்து எல்லாக் கோத்திரத்தாரும் தூக்கிய நிகழ்ச்சி அப்போதுதான் நடந்தது. அந்தப் புதுப்பித்தல் தேவைப்பட்டதன் காரணமும் அவர்கள் கையாண்ட முறையுமே நம் பொருளுக்கு உரியவை.

அதற்குமுன் கஅபா உயரம் குறைந்த, கூரையற்ற கல்லடுக்காக இருந்தது. ஒரு பெண் நறுமணப் புகையிட்டபோது பறந்த பொறியால் திரை தீப்பற்றிச் சுவர்கள் தளர்ந்தன என்றும், அதன்பின் வந்த வெள்ளம் அவற்றை மேலும் வெடிக்கச் செய்தது என்றும் அறிவிப்புகள் கூறுகின்றன. நெருப்பால் இளகிய கட்டில் நீர் புகுந்தால் விளைவு இரட்டிப்பாகும் என்பது கொத்தர்கள் அறிந்த உண்மையே.

இடிப்பதற்குக் குறைஷியர் அஞ்சினர். வலீத் இப்னு முகீரா முதலில் ஒரு பகுதியை இடித்தார். மற்றவர்கள் அன்றிரவு காத்திருந்து, அவருக்குத் தீங்கொன்றும் நேரவில்லை எனக் கண்ட பிறகே கைவைத்தனர். செங்கடற்கரையில் உடைந்துபோன ரோமக் கப்பல் ஒன்றின் மரங்கள் வாங்கப்பட்டன. பாகூம் என்னும் கைவினைஞரின் உதவியும் கிடைத்தது. கல்வரிசை ஒன்று, மரவரிசை ஒன்று என மாறி மாறி வைத்து 31 வரிசைகளாகச் சுவர் எழுப்பப்பட்டதென அஸ்ரகீ விவரிக்கிறார். மரவரிசை சுவரை ஒருசேரப் பிணைத்து நிறுத்தும். கதவு தரைமட்டத்திலிருந்து உயர்த்தி வைக்கப்பட்டது. தாங்கள் விரும்பியவரை மட்டும் உள்ளே விடுவதற்காகவே குறைஷியர் இவ்வாறு செய்தனர் என நபிமொழி தெரிவிக்கிறது. ஆயினும் சிறு வெள்ளங்களிலிருந்து உட்பகுதி காக்கப்பட்டதும் அதனால் விளைந்த பயனாகும்.

ஹலாலான பொருளை மட்டுமே செலவிடுவது என அவர்கள் உறுதி பூண்டனர். அப்பொருள் போதாமையால் வடபுறத்தில் ஒரு பகுதியைக் கட்டடத்துக்கு வெளியே விட்டனர். அதுவே ஹிஜ்ர் அல்லது ஹத்தீம் என்று அழைக்கப்படுகிறது. பிற்காலச் சீரமைப்பு விவாதங்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் இந்த முடிவைத் தொட்டே செல்கின்றன.

உம்மு நஹ்ஷல் வெள்ளமும் ஓர் அளவுக் கயிறும்

ஹிஜ்ரி 17இல் (கி.பி. 638) உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் பெருவெள்ளம் ஒன்று வந்தது. அதில் அடித்துச் செல்லப்பட்டு இறந்த உம்மு நஹ்ஷல் என்னும் பெண்மணியின் பெயராலேயே அது அறியப்படுகிறது. அவ்வெள்ளம் மகாமு இப்ராஹீமை அதன் இடத்திலிருந்து பெயர்த்து மக்காவின் தாழ்ந்த பகுதிக்குக் கொண்டுபோய்விட்டது. மக்கள் அதைக் கண்டெடுத்து வந்தனர். ஆனால் அது இருந்த இடத்தின் அடையாளம் அழிந்துபோயிருந்தது.

செய்தி மதீனாவுக்கு எட்டியது. உமர் (ரழி) கவலையுற்று ரமளானில் உம்ரா நிய்யத்துடன் மக்கா வந்தார்கள். மகாமின் சரியான இடத்தை அறிந்தவர் எவரேனும் உண்டா என மக்களிடம் கேட்டார்கள். முத்தலிப் இப்னு அபீ வதாஆ என்பவர் எழுந்து, இப்படி ஒன்று நேரக்கூடும் என்று அஞ்சித் தாம் முன்னரே மகாமிலிருந்து கஅபாவின் மூலைக்கும், ஹிஜ்ரின் வாயிலுக்கும், ஸம்ஸம் கிணற்றுக்கும் உள்ள தூரங்களைக் கயிற்றால் அளந்து, அக்கயிற்றை வீட்டில் வைத்திருப்பதாகத் தெரிவித்தார். உமர் (ரழி) அவரைத் தம்முடன் அமரச் செய்து, ஆளனுப்பிக் கயிற்றை வரவழைத்தார்கள். அளந்து பார்த்து, அறிந்தவர்களிடம் விசாரித்து உறுதிசெய்த பின்னரே மகாம் உரிய இடத்தில் நிலைநிறுத்தப்பட்டது.

இந்த நிகழ்ச்சி பெரும்பாலும் மகாமின் வரலாறாக மட்டுமே சொல்லப்படுகிறது. புராதனச் சின்னங்களைப் பேணும் கலையின் முதற்பாடமும் இதில் அடங்கியுள்ளது. கேடு நேர்வதற்கு முன்பே அளவு எடுத்து வைத்தவர் ஒருவர் இருந்ததால்தான் கேட்டிற்குப் பின் மீட்பு இயன்றது. கலீஃபாவும் தம் ஊகத்தைக் கொண்டு முடிவு செய்யாமல் அளவு வரும்வரை காத்திருந்தார்கள்.

உமர் (ரழி) அத்துடன் நிற்கவில்லை. மேல்மக்காவில் பெருங்கற்களால் ஓர் அணை எழுப்பி, வெள்ளம் ஹரமை நோக்கிப் பாயாமல் திருப்பிவிட்டார்கள். ஹிஜ்ரி 80இல் (கி.பி. 700) ஹஜ்ஜுக்காலத்தில் ஹாஜிகளையும் அவர்களின் மூட்டைகளையும் வாரிச்சென்ற ‘ஜுஹாஃப்’ வெள்ளத்திற்குப் பின்னர், கலீஃபா அப்துல் மலிக் இதே வழியைப் பின்பற்றினார். ஓடையை ஒட்டிய வீடுகளுக்கும் பள்ளிவாசலுக்கும் காப்புச் சுவர்களும் தெரு முனைகளில் தடுப்பணைகளும் கட்டும்படி ஆணையிட்டு, அதற்கெனக் கிறிஸ்தவப் பொறியாளர் ஒருவரையும் அனுப்பினார் என வரலாற்றாசிரியர் பலாதுரீ குறிப்பிடுகிறார். துறையறிவு உடையவரை அவர் எச்சமயத்தவராயினும் நாடிய பரந்த மனம் இங்கே கவனிக்கத்தக்கது.

இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் ஆலோசனை

இடிப்பதா, பழுது பார்ப்பதா என்ற வினா முதன்முதலில் தெளிவாக எழுந்தது ஹிஜ்ரி 64இல். மக்கா முற்றுகையின்போது கஅபா தீப்பற்றி எரிந்தது. சுவரிலிருந்த மரவரிசைகள் கருகியதால் கற்கள் பிடிப்பிழந்தன; புறா வந்து அமர்ந்தாலே கல் உதிரும் அளவுக்குக் கட்டடம் நலிந்திருந்தது என்பர். இது நெருப்பால் வந்த கேடேயாயினும், பின்னர் வெள்ளத்தின்போது எழுந்த விவாதத்துக்கு இதுவே முன்னுதாரணமாயிற்று.

அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரழி) மக்களிடம் ஆலோசனை கேட்டார்கள். இற்றுப்போனதை மட்டும் சீர்செய்துவிட்டு, மக்கள் எந்தக் கட்டடத்தைக் கண்டு இஸ்லாத்தை ஏற்றார்களோ அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் கருத்தாக இருந்தது. தம் சொந்த வீடு எரிந்தால் அதைப் புதுப்பிக்காமல் எவரும் மனம் அமைய மாட்டார். இறைவனின் வீட்டை அவ்வாறு விடுவது எங்ஙனம் என்பது இப்னு ஸுபைர் (ரழி) அவர்களின் மறுமொழி. மூன்று நாட்கள் இஸ்திகாரா செய்த பின்னரே அவர்கள் இடிக்க முடிவு செய்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. சுவர்கள் எழும்வரை தூண்கள் நட்டுத் திரைகள் தொங்கவிடப்பட்டன. கட்டடம் இல்லாத நாட்களிலும் கிப்லாவின் திசையும் தவாஃபின் எல்லையும் மக்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தன. சாந்துக்கு ஸன்ஆவிலிருந்து நல்ல சுண்ணாம்பு தருவிக்கப்பட்டது.

ஆயிஷா (ரழி) அறிவித்த நபிமொழியைப் பின்பற்றி, ஹிஜ்ரையும் உள்ளடக்கி அவர்கள் கட்டிய அமைப்பு நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஹஜ்ஜாஜ் வடபுறச் சுவரை இடித்துக் குறைஷியரின் அளவுக்கே மீட்டார். அதன்பின் ஒரு கலீஃபா அதைத் திரும்பவும் இப்னு ஸுபைரின் அமைப்புக்கு மாற்ற விரும்பியபோது, இறையில்லம் அரசர்களின் விளையாட்டுப் பொருளாகி அதன் கண்ணியம் மக்கள் உள்ளத்தில் குறைந்துவிடும் என்று கூறி இமாம் மாலிக் (ரஹ்) தடுத்ததாக அறிவிக்கப்படுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சரியெனப் பட்டதற்கேற்பப் பழைய கட்டடத்தை மாற்றத் தொடங்கினால் முடிவில் பழையது என்று ஒன்றும் எஞ்சாது என்பதை அந்தப் பேரறிஞர் உணர்ந்திருந்தார்.

ஹிஜ்ரி 1039: சுவர் சரிந்த நாள்

ஹஜ்ஜாஜ் விட்டுச் சென்ற கட்டடம் ஏறத்தாழ 965 ஆண்டுகள் நின்றது. இடையில் எத்தனையோ வெள்ளங்கள் அதன் அடியை நனைத்தன. ஹிஜ்ரி 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்களில் வெடிப்பும் சாய்வும் தெரிந்தன. உஸ்மானிய சுல்தான் முதலாம் அஹ்மத், பொன்முலாம் பூசிய உலோகப் பட்டைகளை அனுப்பிக் கட்டடத்தைச் சுற்றி இறுக்கச் செய்தார். முழுவதும் இடித்துக் கட்டும் எண்ணம் அவருக்கு இருந்தும், அறிஞர்களின் அறிவுரையால் அது கைவிடப்பட்டது.

ஹிஜ்ரி 1039 ஷஅபான் பிறை 19, புதன்கிழமை (3 ஏப்ரல் 1630) மக்காவில் பெருமழை கொட்டியது. வெள்ளம் ஹரமுக்குள் பாய்ந்து கதவின் வாசற்படிக்கும் மேலே ஏறிக் கஅபாவின் உள்ளேயும் புகுந்தது. பலர் உயிரிழந்தனர். மறுநாள் வியாழனன்று மாலை, அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில், வடபுறச் சுவர் முழுவதும் சரிந்தது. அத்துடன் கிழக்குச் சுவரின் கதவுப்பக்கம் வரையிலான பகுதியும் மேற்குச் சுவரின் ஒரு பகுதியும் விழுந்தன.

மழை பெய்த அன்று நின்ற சுவர் மறுநாள் விழுந்ததன் காரணத்தைக் கட்டடக்கலை விளக்குகிறது. பழைய கற்சுவர்கள் பொதுவாக வெளிமுகம், உள்முகம் என இரு கல்முகங்களும், நடுவே சிறுகல்லும் சாந்தும் கொண்ட நிரப்பும் உடையவை. வெள்ளம் சுற்றிலும் நிற்கும்வரை இருபுறத்து நீரின் அழுத்தம் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்யும். வெளிநீர் விரைவாக வடியும்போது உள்நிரப்பில் தேங்கிய நீர் அவ்வளவு விரைவாக வெளியேற இயலாது. பாரம் மிகுந்து, பிடிப்பு இளகிய அந்த நிரப்பு கல்முகங்களை வெளியே தள்ளும். வெள்ளம் வடிந்த பிறகே கட்டடத்தின் ஆபத்தான வேளை தொடங்குகிறது என்பது இதனால்தான்.

அப்போதைய மக்கா ஷரீஃப் மஸ்ஊத் இப்னு இத்ரீஸ் உலமாக்களையும் கஅபாவின் சாவிக்குரிய ஷைபீ குடும்பத்தாரையும் கூட்டினார். முதற்பணியாக, உள்ளே தொங்கிய பொன் விளக்குகள் முதலியவை எடுக்கப்பட்டுப் பாதுகாப்பில் வைக்கப்பட்டன. நீர்ப்போக்கிகள் திறக்கப்பட்டன, சேறு அகற்றப்பட்டது. விழுந்த கற்கள் குப்பையோடு குப்பையாக வாரப்படாமல் ஒதுக்கிப் பேணப்பட்டன. எகிப்தின் ஆளுநருக்கும் அவர் வழியே சுல்தான் நான்காம் முராதுக்கும் செய்தி அனுப்பப்பட்டது. இடைக்காலத்தில் இடிந்த பகுதியை மரச் சட்டங்களால் அடைத்துத் துணி போர்த்தினர். இப்னு ஸுபைர் (ரழி) காட்டிய முறையே ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் கைக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டு ஹஜ்ஜும் அந்நிலையிலேயே நிறைவேறியது.

எகிப்திலிருந்து ரிள்வான் என்னும் அதிகாரி பணியை மேற்பார்க்க அனுப்பப்பட்டார். கட்டுமானம் முழுமூச்சாகத் தொடங்கியது ஹிஜ்ரி 1040இன் நடுப்பகுதியில்தான். இந்தத் தாமதத்திற்குக் கடிதப் போக்குவரத்தின் தூரமும் ஹஜ்ஜுப் பருவமும் பொருள்கள் வந்துசேர வேண்டியிருந்ததும் காரணமாயின. எனினும் நனைந்த சுவர்களும் அடிமண்ணும் வெயிலில் மெல்ல உலர்ந்து, தங்கள் உண்மையான நிலையை வெளிக்காட்ட அந்த மாதங்கள் உதவின.

உலமாக்களின் விவாதம்

விழுந்த சுவரைக் கட்ட வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடில்லை. விழாமல் நின்ற சுவர்களைப் பற்றியே கருத்து வேற்றுமை எழுந்தது. அவற்றை ஆராய்ந்த கட்டடக் கலைஞர்கள், அவை சாய்ந்தும் இளகியும் இருப்பதால் புதுச்சுவரின் பாரத்தைத் தாங்க மாட்டா எனத் தெரிவித்தனர். நிற்கும் சுவரை மனிதர் கையால் இடிக்க ஷரீஅத்தில் இடமுண்டா என்ற வினா அறிஞர்கள் முன் வைக்கப்பட்டது. தேவையின் அளவே அனுமதியின் அளவு என்பது ஃபிக்ஹின் பொதுவிதி. தேவை எவ்வளவு என்பதை யார் கூறுவது? கொத்தனின் சாட்சியமா, ஆலிமின் தீர்ப்பா? இரண்டும் சேர்ந்தே முடிவு அமைய வேண்டியிருந்தது.

இக்காலத்தில் மக்காவில் வாழ்ந்த முஹம்மத் அலீ இப்னு அல்லான் (இறப்பு ஹிஜ்ரி 1057) இந்த வெள்ளத்தையும் கட்டுமானத்தையும் பற்றித் தனி நூல்கள் எழுதினார். ரியாளுஸ் ஸாலிஹீனுக்கு ‘தலீலுல் ஃபாலிஹீன்’ என்னும் விரிவுரை இயற்றியவர் என்ற முறையில் நம் அரபுக் கல்லூரி மாணவர்கள் அவரை அறிவர். கெய்ரோவில் வாழ்ந்த ஹனஃபீ சட்டமேதை ஹஸன் அஷ்-ஷுருன்புலாலீயும் (இறப்பு ஹிஜ்ரி 1069) இதே கட்டுமானம் குறித்து ஒரு சிற்றேடு எழுதினார். அவருடைய ‘நூருல் ஈளாஹ்’ நம் மத்ரஸாக்களின் தொடக்கப் பாடநூல்களுள் ஒன்று. தொழுகை, தூய்மை குறித்த சட்டங்களை நமக்குக் கற்பிக்கும் இப்பெருமக்கள், ஒரு சுவரை எந்த அளவுக்கு இடிக்கலாம் என்பதையும் மார்க்கத்தின் வினாவாகவே கருதினர் என்பது சிந்திக்கத்தக்கது.

முடிவில், ஹஜருல் அஸ்வத் பதிந்துள்ள மூலை நீங்கலாக எஞ்சிய சுவர்கள் படிப்படியாக இறக்கப்பட்டன. அடித்தளம் அப்படியே விடப்பட்டது. பழைய கற்களே இயன்றவரை மீண்டும் பயன்படுத்தப்பட்டன. நீள அகலமும் கதவின் உயரமும் ஹிஜ்ரின் எல்லையும் முன்பிருந்தவாறே அமைந்தன. ஷரீஃப் மஸ்ஊத் பணி முடியுமுன் இறந்தார், எனினும் வேலை தடைப்படாமல் ஹிஜ்ரி 1040க்குள் (கி.பி. 1631) நிறைவுற்றது. நாம் முகம் நோக்கித் தொழும் சுவர்கள் அப்போது எழுந்தவையே.

பிற்காலப் பணிகள்

வெள்ளங்கள் அதன்பின்னும் ஓயவில்லை. 1941இல் மதாஃப் முழுவதும் நீர் நிறைந்து, சிலர் நீந்தித் தவாஃப் செய்த காட்சி புகைப்படமாக உலகெங்கும் அறியப்பட்டது. 1955இல் தொடங்கிய விரிவாக்கத்தின்போது வெள்ளநீரைத் தரைக்கடியில் கொண்டுசெல்லும் பெருங்கால்வாய் அமைக்கப்பட்டது. உமர் (ரழி) கட்டிய அணையின் நோக்கம் புதிய வடிவில் நிறைவேறியது எனலாம். ஹிஜ்ரி 1377இல் (கி.பி. 1957-58) கஅபாவின் இரு கூரைகளுள் மேற்கூரை புதிதாக அமைக்கப்பட்டது, கீழ்க்கூரை சீர்செய்யப்பட்டது. 1996இல் நடந்த விரிவான சீரமைப்பில் முதுமையாலும் கரையானாலும் பழுதுற்ற மரப்பகுதிகள் மாற்றப்பட்டன. உட்புறக் கற்கள் எண்ணிடப்பட்டுக் கழற்றித் தூய்மை செய்யப்பட்டு, அந்தந்த இடத்திலேயே மீண்டும் பொருத்தப்பட்டன. முத்தலிபின் கயிறு செய்த வேலையை இங்கே கல்லின்மேல் இட்ட எண் செய்தது.

நமக்குரிய படிப்பினை

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பழமையான பள்ளிவாசல்களும் தர்காக்களும் மிகுந்த கடற்கரை அது. இத்தகைய மழை மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூற இயலாது. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய நம் முன்னோரின் பள்ளிவாசல்களில் நீர் கசிந்தால், இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டிவிடலாம் என்ற பேச்சே முதலில் எழுகிறது. அல்லது நனைந்த சுவரின்மேல் உடனே சிமெண்ட் பூசி வண்ணம் அடித்துவிடுகிறோம்.

சுண்ணாம்புச் சுவர் தன்னுள் புகுந்த ஈரத்தைத் தன் மேற்பரப்பின் வழியே மெல்ல வெளியேற்றும் இயல்புடையது. சிமெண்ட் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிறைப்பட்ட ஈரம் மேலேறிக் கூரை மரத்தின் முனைகளை மக்கச் செய்கிறது, கரையானுக்கு வழிவிடுகிறது. கரைந்திருந்த உப்பு பூத்துக் கல்லையும் காரையையும் செதில் செதிலாக உதிர்க்கிறது. ஆகவே நீர் வடிந்ததும் கதவு சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். சுவரடியில் குவிந்த சேற்றை அகற்ற வேண்டும். சாய்ந்த இடத்திற்கு முட்டுக்கொடுக்க வேண்டும். அனல் மூட்டி அவசரமாக உலர்த்தினால் மரம் முறுக்கிக்கொள்ளும், காரை வெடிக்கும். கனத்த கற்சுவர் முழுதும் உலரப் பல மாதங்கள் ஆகும். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, வெடிப்பு விரிகிறதா எனக் குறியிட்டுக் கவனித்து, பழங்கட்டடம் அறிந்த கொத்தரையும் பொறியாளரையும் கேட்ட பின்னரே பூச்சைப் பற்றியோ இடிப்பைப் பற்றியோ முடிவு செய்ய வேண்டும். பூசுவதாயின் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூச வேண்டும்.

இடித்தே ஆகவேண்டிய கட்டடங்களும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இப்னு ஸுபைர் (ரழி) இடித்தார்கள். ஹிஜ்ரி 1040லும் இடித்தனர். ஆயின் அம்முடிவுக்கு முன் ஆலோசனையும் இஸ்திகாராவும் ஆய்வும் ஃபத்வாவும் இருந்தன. முடிவுக்குப் பின் பழைய கல்லுக்கும் பழைய அளவுக்கும் மதிப்பு இருந்தது. வக்ஃபு சொத்தின் பொறுப்பாளர்களான முத்தவல்லிகளும் ஜமாஅத்தாரும் இன்றே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தம் பள்ளிவாசலின் நீள அகலம், தூண்களின் இடைவெளி, மிஹ்ராபின் அமைப்பு, கல்வெட்டு வாசகங்கள் ஆகியவற்றை அளந்தும் படமெடுத்தும் பதிவுசெய்து, ஒரு பிரதியை ஊருக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் வைப்பதே அது. அதற்கு ஒரு நாள் உழைப்பும் ஓர் அளவு நாடாவும் போதும்.